சேலையூர்ச் சிறுதேர்

நாற்பது வயதைக் கடந்த ஒரு கிருஹஸ்தன் செய்யத் தகுந்த காரியங்கள் என்று கிழக்குத் தாம்பரத்துச் சமூகம் ஏகமனதாக அங்கீகரித்திருப்பவை, விடியற்காலையில் சேலையூர் ஏரிப்பக்கம் கை வீசி நடப்பது, சர்க்கரை அளவை அவ்வப்போது பரிசோதித்து அந்த எண்ணை அண்டை வீட்டார் எண்ணோடு ஒப்பிட்டு ஆறுதலோ பொறாமையோ கொள்வது, கிருத்திகைதோறும் ஸ்கந்தாஸ்ரமம் போய் வருவது, தாம்பரம் 2021இல் மாநகராட்சியானதால் நமக்கு என்ன லாபம் என்று கேம்ப் ரோடு டீக்கடையில் நின்று விசாரப்படுவது ஆகியவையே. இவற்றில் ஒவ்வொன்றையும் நான் குறைவின்றிச் செய்து வருகிறேன். ஆயினும், நான்கு சின்னஞ்சிறு சக்கரங்கள் பொருத்திய பலகையொன்றின் மேல் ஏறி நின்று, எங்கள் அடுக்குமாடிக் கட்டிடத்தின் கார் நிறுத்தும் தளத்தில் தூணுக்குத் தூண் போய் வருபவன் என்கிற ஒரே காரணத்தால், என்னுடைய ஏனைய சீலங்கள் யாவும் விஸ்மரிக்கப்பட்டு, “மூணாவது மாடிப் பலகைக்காரர்” என்ற பட்டத்தோடு மட்டுமே நான் இவ்வட்டாரத்தில் பிரஸித்தி அடைந்திருக்கிறேன்.

எங்கள் குடியிருப்போர் சங்கத்தின் காரியதரிசி, கணக்குத் துறையில் உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்றவர். விதி என்று ஒன்று எழுதப்பட்டிருந்தால் அதன் கீழ் வராத வஸ்து இந்தப் பிரபஞ்சத்தில் இல்லை என்ற கொள்கையுடையவர். வீடொன்றுக்கு நான்கு சக்கர வாகனம் ஒன்று, இரு சக்கர வாகனம் இரண்டு என்பது சங்கத்தின் விதி. அவர் என் பலகையை வாங்கிக் கவிழ்த்து, சக்கரங்களை ஒவ்வொன்றாக விரலால் தொட்டு எண்ணி, “சார், இது நாலு சக்கரம். உங்களுக்கு ஏற்கெனவே ஒரு கார் இருக்கே” என்றார். எட்டு அங்குல அகலமுள்ள பொருள் இது, இரவில் செருப்பு வைக்கும் அலமாரியில்தான் உறங்குகிறது என்று நான் எடுத்துரைத்தேன். “அகலத்தப் பத்தி விதியில ஒண்ணும் போடலையே” என்றார். விஷயம் அடுத்த பொதுக்குழுவுக்கு ஒத்திவைக்கப்பட்டிருக்கிறது.

ஸ்கேட்போர்டு என்ற இந்தச் சாதனத்தின் ஸ்வரூபத்தை அறியாதவர்களுக்காகச் சிறிது விளக்கிவிடுகிறேன். ஏறக்குறைய முப்பத்திரண்டு அங்குல நீளமுள்ள பலகை. மேப்பிள் மரத்தின் மெல்லிய ஏடுகள் ஏழைப் பசையிட்டு அழுத்திச் செய்தது. முன்னும் பின்னும் மேல்நோக்கி வளைந்திருக்கும். அடியில் டிரக் எனப்படும் உலோக அச்சுகள் இரண்டு. அவற்றினுள்ளே ரப்பரைப் போன்ற புஷ்கள். நிற்பவன் உடம்பு எந்தப் பக்கம் சாய்கிறதோ அந்தப் பக்கம் வண்டி திரும்பும் என்பது இதன் தத்துவம். என் உடம்பு எந்தப் பக்கம் சாயப் போகிறது என்பது எனக்கே முன்கூட்டித் தெரிவதில்லையாதலால், வண்டி திரும்பும் திசையைப் பற்றி நானும் எதிரே வருபவரும் ஒரே சமயத்தில்தான் அறிந்து கொள்கிறோம். பலகையின் மேற்புறத்தில் கால் வழுக்காமலிருக்க உப்புத்தாளின் சுபாவமுடைய ஒரு கறுப்புத் தாள் ஒட்டப்பட்டிருக்கிறது. காலைப் பிடித்து வைப்பதைக் காட்டிலும் காலணியைத் தேய்த்துத் தீர்ப்பதிலேயே அது அதிக சிரத்தை காட்டுகிறது.

சமையலறை அலமாரியைச் செப்பனிட வந்த ஆசாரி ஒருவர், மரத்தைக் கண்டால் கை சும்மா இராதபடியால், இதனை எடுத்து ஓரத்து ஏடுகளை எண்ணிப் பார்த்துவிட்டு, “நல்ல ப்ளைவுட்டுதான் சார், ஏழு அடுக்கு. ஆனா ரெண்டு முனையும் வளைஞ்சு போச்சே, மழையில நனைஞ்சிடுச்சா?” என்று அனுதாபத்தோடு விசாரித்தார். வளைவுதான் இதன் விசேஷம், அதற்காகவே விலை அதிகம் என்று நான் சொன்னபோது, அவர் முகத்தில் தோன்றிய பாவம் என்மேல் கொண்ட இரக்கமா, வியாபாரியின்மேல் கொண்ட மதிப்பா என்று என்னால் நிர்ணயிக்க முடியவில்லை. இந்த விலைக்குச் சுவாமி அலமாரி ஒன்று கதவோடு செய்து தருவதாகச் சொல்லிவிட்டுப் போனார்.

இந்த வித்தையில் நான் கண்டறிந்த பெரிய நியதி ஒன்று உண்டு. பலகையின் மேல் நிற்கும் நேரமும் பலகையைப் பற்றிய ஞானமும் எதிரெதிர்த் திசையில் வளர்பவை. பத்து வயதுப் பையனுக்குத் தன் சக்கரத்தின் பெயர் தெரியாது. அவன் ஓட்டிக் கொண்டிருக்கிறான். எனக்கோ, நிமிர்ந்த நிலையில் ஒரு தூணிலிருந்து மறு தூணுக்குப் போய்ச் சேர்வதே அன்றைய பாக்கியத்தைப் பொறுத்தது என்றாலும், சக்கரத்தின் விட்டம் 52 மில்லிமீட்டர், கடினம் 99ஏ, ஒவ்வொரு சக்கரத்துக்கும் பேரிங் இரண்டு வீதம் எட்டு, அவை 608 என்னும் இனம், உள் விட்டம் 8, வெளி விட்டம் 22, கனம் 7 மில்லிமீட்டர் என்பதெல்லாம் கண்டபாடம். பேரிங்குகளின் நுட்பத்தை அளக்க ஏபெக் என்றொரு அளவுகோல் இருக்கிறது. ஒன்று, மூன்று, ஐந்து, ஏழு, ஒன்பது என்று ஏறிக்கொண்டே போகும். அதிவேக யந்திரங்களை உத்தேசித்து ஏற்பட்ட அளவுகோலாதலால், பார்க்கிங் டைல்ஸின் வரிப்பள்ளங்களில் கடகடத்துக் கொண்டு நான் செல்லும் கதிக்கு முதலாம் படியே உபரி. நான் ஒன்பதாம் படியை வாங்கினேன். அதற்குத் தையல் மெஷின் எண்ணெய் ஒரு குப்பி, மரைகளைத் திருக மூன்று முனையுள்ள ஒரு ஸ்பேனர், திண்ணை விளிம்பில் தேய்ப்பதற்கு மெழுகு, மெழுகு தேய்க்கத் திண்ணை கிடையாது என்பது பின்னர் நினைவுக்கு வந்தமையால் மெழுகை வைக்க ஒரு டப்பா என்று சாமான்கள் பெருகின. கேம்ப் ரோட்டின் மேடு பள்ளங்களுக்கு 99ஏ சக்கரம் ஒத்துவராது, 78ஏ என்னும் மிருதுவான ஜாதிதான் சிலாக்கியம் என்று அறிந்து அதிலும் ஒரு ஜதை சேர்த்தாயிற்று. கேம்ப் ரோட்டில் அதை ஓட்ட எனக்கு உத்தேசம் கிடையாது. வேளச்சேரி பஸ்ஸும் தண்ணீர் லாரியும் ஷேர் ஆட்டோவும் சந்திக்கும் அந்தத் திருமுனையில் நடப்பதற்கே தைரியம் வேண்டும். இருந்தாலும், ஆயத்தம் ஆயத்தமே.

பேரிங் என்னும் பதார்த்தம் எனக்குப் புதிதன்று. சேலையூரில் வயல்கள் இருந்த காலத்தில், மெக்கானிக் பட்டறை வாசலில் மணிக்கணக்காகக் காத்துக் கிடந்து, தேய்ந்து எறியப்பட்ட பேரிங்குகளை யாசகமாகப் பெற்று, முன்னால் ஒன்றும் பின்னால் இரண்டுமாக ஒரு மரப்பலகையில் மாட்டி, முன் கட்டையின் இரு நுனியிலும் கயிறு கட்டி, ஏரிக்கரைச் சரிவிலிருந்து உட்கார்ந்தபடி இறங்கிய பேரிங் வண்டிதான் என்னுடைய முதல் பலகை. இரும்பு வளையம் சாலையில் எழுப்பும் ஓசையைக் கேட்டுத் தெருநாய்கள் மட்டுமின்றி மாடுகளும் ஒதுங்கி வழிவிட்டன. பிரேக் என்ற அங்கம் அதில் கிடையாது. சரிவின் முடிவிலிருந்த வேலிக்காத்தான் புதர் அந்தக் கைங்கரியத்தைச் செய்தது. ஹெல்மெட் இல்லை, முழங்கால் கவசம் இல்லை, காலில் செருப்புமில்லை, டிரவுசரில் பொத்தான்கூடப் பூரணமாக இல்லை. அந்த வண்டிக்கான மொத்தச் செலவு கயிற்றுக்கு மட்டும்தான். அந்தக் கயிறும் வீட்டுக் கிணற்றைச் சேர்ந்தது.

நம்முடைய முன்னோர் இந்த விஷயத்தில் அலட்சியமாக இருந்துவிடவில்லை. ஆண்பால் பிள்ளைத்தமிழில் பத்தாவது பருவமாகச் சிறுதேர் உருட்டுவதை வைத்திருக்கிறார்கள். அதோடு பருவங்கள் முடிந்து போகின்றன. நாற்பத்தாறாம் வயதில் பதினோராவது பருவமாக மறுபடியும் ஒரு சிறுதேர் வரக்கூடும் என்பதைப் புலவர்கள் எதிர்பார்க்கவில்லை போலும். அதற்கும் வெகு காலம் முன்பே, பட்டினப்பாலையில் கடியலூர் உருத்திரங்கண்ணனார் காவிரிப்பூம்பட்டினத்துப் பாக்கத்தை வர்ணிக்கும்போது, உலர வைத்த தானியத்தைக் கொத்த வரும் கோழியின் மேல் பெண்கள் கழற்றி எறிந்த கனத்த காதணி, குதிரை பூட்டாமல் குழந்தைகள் உருட்டி வரும் மூன்று சக்கரச் சிறுதேரின் வழியில் கிடந்து அதைத் தடுத்தது என்று சொல்கிறார். உரையாசிரியர்கள் இதிலே சோழநாட்டின் செல்வச் செழிப்பைக் கண்டு வியந்தார்கள். எனக்குத் தென்படுவதோ போக்குவரத்துப் பிரச்னை. சிறிய சக்கரத்துக்கு முன்னால் கிடப்பது பொன் குழையாயிருந்தாலும் சரி, பாதாள சாக்கடைக்குத் தோண்டி மூடியவர்கள் விட்டுப்போன முக்கால் அங்குல ஜல்லியாயிருந்தாலும் சரி, சக்கரம் அங்கேயே நின்றுவிடும்; மேலே இருப்பவன் மட்டும் தன் பிரயாணத்தைத் தொடருவான். புகாரின் குழந்தைகள் தேரின் மேல் ஏறி நிற்காமல் கீழே நின்று உருட்டினார்கள் என்பதிலிருந்து அவர்களுடைய விவேகம் புலனாகிறது.

மேல்நாட்டிலும் இந்தப் பலகை எங்கள் பேரிங் வண்டியைவிடக் கௌரவமான வம்சத்தில் உதித்ததன்று. 1950களில் கலிபோர்னியாக் கடற்கரையில், அலையில்லாத நாட்களில் பொழுது போகாத அலைச்சறுக்குக்காரர்கள், ரோலர் ஸ்கேட்டின் சக்கரங்களைக் கழற்றிப் பலகையில் மாட்டித் தெருவில் ஓட்டினார்கள். இரும்புச் சக்கரத்துக்குப் பின் அறுபதுகளில் களிமண் கலவையால் செய்த சக்கரம் வந்தது. சூத்திரகனின் மிருச்சகடிகத்தில் சாருதத்தன் மகன் ரோகசேனன் தனக்குக் களிமண் வண்டி வேண்டாம், பொன் வண்டிதான் வேண்டும் என்று அழுததைப் பரிகசித்தவர்கள், அந்த அறுபதுகளின் சக்கரத்தில் ஒரு தெரு போய்ப் பார்த்திருக்க வேண்டும். பிடிப்பு இன்றி வழுக்கி, கூழாங்கல் கண்டால் நின்று, ஓட்டியவர்களை நடுத்தெருவில் உருட்டியது அது. 1970களின் தொடக்கத்தில் பிராங்க் நாஸ்வொர்த்தி என்பவர், ரோலர் ஸ்கேட்டுக்கென்று செய்யப்பட்ட பாலியூரித்தேன் சக்கரத்தைப் பலகைக்குக் கொண்டு வந்தார். பிடிப்பும் நழுவலும் ஒருசேரக் கிடைத்து, பலகைக்காரர்களின் ஆயுள் நீடித்தது.

என்னுடைய இரண்டாவது பலகை, மருமகனின் பிறந்தநாளுக்கென்று சொல்லி விளையாட்டுச் சாமான் கடையில் வாங்கப்பட்டது. அடிப்புறத்தில் ஐம்பது கிலோவுக்கு மேற்பட்டவர்கள் ஏறலாகாது என்று அச்சிட்டிருந்தது. மருமகனுக்குப் பிறகு ஒரு கிரிக்கெட் மட்டை வாங்கிக் கொடுத்தேன். இதற்கு மேல் அந்தப் பலகையைப் பற்றிச் சொல்லுவதற்கு எதுவும் இல்லை. அதன் இறுதிக் காலம் சுருக்கமானது.

மூன்றாவதுதான் நான் மேலே வர்ணித்த மேப்பிள் பலகை. அது வீடு வந்து சேர்வதற்குக் காரணபூதர்கள் பலர். 1999இல் டோனி ஹாக், தம்முடைய முப்பத்தொன்றாம் வயதில், அந்தரத்தில் இரண்டரைச் சுற்று சுற்றி இறங்கும் 900 என்ற வித்தையை, பலமுறை விழுந்து எழுந்து, எக்ஸ் கேம்ஸ் போட்டியில் நிறைவேற்றினார். அதே ஆண்டு அவர் பெயரைத் தாங்கிய வீடியோ கேம் வெளிவந்து, என் சித்தி மகனுடைய வீட்டை எட்டியது. அதில் எத்தனை உயரத்திலிருந்து விழுந்தாலும் மறு க்ஷணம் எழுந்து நின்றுவிடலாம். அந்தச் சௌகரியம் சேலையூரில் இல்லை. ஃபுளோரிடாவில் ஆலன் ஜெல்ஃபாண்ட் என்ற பையன் எழுபதுகளின் இறுதியில், கையால் பிடிக்காமலே பலகையோடு மேலே எழும்பும் ஒல்லி என்ற தந்திரத்தைச் சரிவுத் தளத்தில் கண்டுபிடித்தான். அதைச் சமதரைக்குக் கொண்டு வந்தவர் ராட்னி மல்லன். 1977ஆம் ஆண்டு புத்தாண்டு தினத்தில் பத்து வயது மல்லனுக்குப் பலகை கிடைத்தபோது, கவசங்கள் இன்றி ஏறக்கூடாது, முதல் பெருங்காயத்தோடு நிறுத்திவிட வேண்டும் என்று தகப்பனார் இரண்டு நிபந்தனைகள் விதித்தாராம். அதே இரு நிபந்தனைகளும் எனக்கும் விதிக்கப்பட்டிருக்கின்றன, தர்மபத்தினியால். பெருங்காயம் என்பதன் வரையறையில்தான் எங்களுக்குள் அபிப்பிராய பேதம்: மறுநாள் மாடிப்படி ஏற முடிந்தால் அது காயமே அல்ல என்பது என் கட்சி, இரவு தைலம் தேய்க்கத் தன்னைக் கூப்பிட்டால் அது பெருங்காயம் என்பது அவள் கட்சி.

ஆனால் உண்மையில் என்னை எழுப்பிவிட்டது அமெரிக்கா அன்று. கேளம்பாக்கம், கோவளம் வழியாகப் போனால் அரை நாளில் திரும்பிவிடக்கூடிய மாமல்லபுரம். மீனவர் குடும்பங்களின் பிள்ளைகள் அலைச்சறுக்கில் பிராபல்யம் பெற்ற அந்த ஊரில், கமலி மூர்த்தி என்ற சிறுமி கவுன் அணிந்து வெறுங்காலோடு சறுக்குமேடையில் பலகைமேல் நின்று இறங்கும் புகைப்படத்தை டோனி ஹாக்கே உலகத்துக்கு எடுத்துக் காட்டினார். சாஷா ரெயின்போ அவளையும் அவளுடைய அம்மாவையும் பற்றி எடுத்த ‘கமலி’ என்ற குறும்படம், 2020இல் பாஃப்டா விருதின் பிரிட்டிஷ் குறும்படப் பிரிவில் இறுதி ஐந்தில் ஒன்றாயிற்று. அவ்வைந்தில் இன்னொன்றும் ஸ்கேட்போர்டைப் பற்றியதுதான். காபூல் நகரத்துச் சிறுமிகளைப் பற்றிய அதுவே பரிசைக் கொண்டு போயிற்று. ஒரே கல்லில் செதுக்கிய சக்கரமில்லாத ரதங்கள் பல நூற்றாண்டுகளாக அசையாமல் நிற்கும் ஓர் ஊரில், ரதமே இல்லாத வெறும் சக்கரத்தின் மேல் ஒரு குழந்தை பறந்திருக்கிறாள் என்பதைப் படத்தில் பார்த்த இரவு, நான் ஒன்பதாம் படி பேரிங்குகளுக்கு ஆர்டர் கொடுத்தேன். அவள் காலில் செருப்பு இல்லாததை நான் கவனிக்காமல் இல்லை. எனக்கு வேண்டிய படிப்பினையை மட்டும் எடுத்துக் கொண்டேன்.

வயதைப் பற்றிய ஆட்சேபத்துக்கும் என்னிடம் விடை தயாராக இருந்தது. 2021இல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில்தான் ஸ்கேட்போர்டு முதன்முதலாகச் சேர்க்கப்பட்டது. பெண்களுக்கான ஸ்டிரீட் போட்டியில் பதக்க மேடை ஏறிய மூவரின் வயது 13, 13, 16. கூட்டினாலும் 42 தான். அந்தத் தொகையை நான் ஒருவனாகவே தாண்டியவன். என்றாலும் அதே ஒலிம்பிக்கில் தென்னாப்பிரிக்காவின் டாலஸ் ஓபர்ஹோல்சரும் டென்மார்க்கின் ரூன் கிளிஃப்பர்க்கும் 46 வயதில் போட்டியிட்டார்கள்; 2024இல் பாரிஸில் பிரிட்டனுக்காக இறங்கிய ஆண்டி மெக்டொனால்டுக்கு வயது 51. இந்த மூன்று பெயர்களையும் நான் வீட்டில் சகஸ்ரநாமமாகச் சொல்லி வருகிறேன்.

குரு இல்லாத குறைதான் பெருங்குறை. தாம்பரம் விமானப்படைத் தளத்தில், விமானம் ஓட்டக் கற்பிக்கும் ஆசிரியர்களுக்கே கற்பிக்கும் பள்ளிக்கூடம் 1954 முதல் நடந்து வருகிறது. ஆகாயத்தில் பறக்கக் கற்பிப்பதற்குக் கற்பிப்பவர்கள் அவ்வளவு அருகில் இருக்க, தரையிலிருந்து நான்கு அங்குல உயரத்தில் நிற்கக் கற்பிப்பார் ஒருவருமில்லை. ஆகவே சாஸ்திரத்தை நானே படித்துக் கொண்டேன். இடது காலை முன்னே வைத்து நிற்பதுதான் மேல்நாட்டில் பொதுவழி. வலது காலை முன் வைப்பவனுக்குக் கூஃபி என்று பெயரிட்டுக் கோமாளிப் பட்டம் கட்டியிருக்கிறார்கள். புது மருமகளும் புதுக்குடி போகிறவனும் வலது காலை எடுத்து வைக்கும் தேசத்தில் பிறந்த நான் எந்தக் கட்சியில் சேருவேன் என்று சொல்ல வேண்டியதில்லை. முதல் நாள் என் நிலையைப் பார்த்த மாமியார், பலகை விஷயத்தில் வேறு எதையுமே ஒப்புக் கொள்ளாதவர், “காலையாவது சரியா வச்சிருக்காரு” என்று ஆமோதித்தார். டோனி ஹாக்கும் வலது காலை முன் வைப்பவரே என்று அவரிடம் தெரிவித்தேன். “நல்ல வளர்ப்பு” என்றார்.

கவசங்களை அணிவது தனி அனுஷ்டானம். ஹெல்மெட், முழங்கைக்கு இரண்டு, முழங்காலுக்கு இரண்டு, மணிக்கட்டுக்கு இரண்டு, அத்தனைக்கும் ஒட்டுப்பட்டைகள். எல்லாவற்றையும் மாட்டி முடிக்கும் தறுவாயில் வெய்யிலேறி, கார்களை எடுக்க ஜனங்கள் வரத் தொடங்கிவிடுகிறார்கள். புறநகர்ச் சாலைகளில் புத்தூர்க் கட்டு வைத்தியசாலைப் பலகைகள் எங்கெங்கே தொங்குகின்றன என்பதை நான் மனப்பாடமாக அறிந்து வைத்திருப்பது தற்காப்பின் மற்றொரு அங்கம். வாட்ச்மேன் இன்னும் ஒரு படி மேலே போய், எந்தக் கடையில் மாவுக்கட்டுக்கும் முட்டைக்கட்டுக்கும் என்ன வித்தியாசம் என்பதுவரை விசாரித்துச் சொல்லியிருக்கிறார். ஒரு ஞாயிற்றுக்கிழமை இந்தப் பூரண அலங்காரத்தோடு மாமல்லபுரத்துக்குப் போய்ப் பலகையும் கையுமாக நின்றபோது, அரை டிரவுசர் மட்டும் அணிந்திருந்த பொடியன் ஒருவன் என்னை உச்சி முதல் உள்ளங்கால் வரை பார்த்து, “அங்கிள், கீழ விழறதுக்கா இவ்ளோ சாமான்?” என்று கேட்டான். பிறகு என் பலகையை இரவல் வாங்கிக் கொண்டு போய், ஒன்பதாம் படி பேரிங்குகள் என்னென்ன செய்யவல்லவை என்பதை எனக்கு முதன்முதலாகக் காண்பித்தான்.

சென்ற ஆயுத பூஜைக்குக் கார், ஸ்கூட்டர், மிக்ஸி, கம்ப்யூட்டர் வரிசையில் பலகைக்கும் சந்தனம் குங்குமம் இட்டு, கதம்பம் சாத்தி, நான்கு சக்கரத்தடியிலும் நான்கு எலுமிச்சம்பழம் வைத்தோம். கார் நசுக்கிற்று, ஸ்கூட்டர் நசுக்கிற்று. பிறகு கட்டிடமே கூடி நின்று பார்க்க, நான் வலது காலை முன் வைத்து ஏறி உந்தினேன். பழத்தின் உயரம் நாற்பது மில்லிமீட்டர் இருக்கும்; சக்கரத்தின் ஆரமோ இருபத்தாறு. ஆரத்தைவிட உயரமான தடையின் மேல் சக்கரம் ஏறாது என்பது பௌதிக சாஸ்திரம். பழங்கள் அசையவில்லை, பலகையும் அசையவில்லை, காரியதரிசியின் ஸ்கூட்டர் வரை போய்ச் சேர்ந்தவன் நான் மட்டுமே. அவர் இதையும் குறிப்பேட்டில் எழுதிக் கொண்டார்.

அன்றிரவே பென்சிலும் காகிதமுமாக உட்கார்ந்து கணக்கிட்டேன். பழத்தை வெல்ல வேண்டுமானால் ஆரம் நாற்பதுக்கு மேல், அதாவது விட்டம் எண்பதுக்கு மேல் இருந்தாக வேண்டும். அவ்வளவு பெரிய சக்கரம் லாங்போர்டு என்னும் நீளப் பலகைக்குத்தான் பொருந்தும். அதற்கு டிரக் வேறு, புஷ் வேறு, வேகம் அதிகமாதலால் ஹெல்மெட்டும் முகத்தை முழுவதும் மூடுவதாக இருக்க வேண்டும். எனவே நான்காவதாக ஒரு பலகை வாங்குவது தெய்வ காரியம் என்ற ரீதியில், மதிப்பீட்டை வரிசையாக எழுதி மனைவியிடம் நீட்டினேன். அவள் கடைசி வரி வரைக்கும் பொறுமையாகப் படித்தாள்.

“ஏங்க, அடுத்த வருஷம் பழத்தப் பாதியா நறுக்கி வச்சுட்டாப் போதாதா?” என்று கேட்டாள்.